டிசம்பரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை

லா பண்டா,
20 செப்டம்பர் 1987

அன்புத் தங்கை எர்மிந்தாவுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன். அம்மாவுக்கு நோய்வாய்ப்பட நேரம் ஏது? விடியும் முன்பே அடுப்பு மூட்டி விடுகிறாள். முதல் ரயில் வரும்போது கொழுப்பு ரொட்டிக் கூடையோடு நடைமேடையில் நிற்கிறாள். அவள் கூவுவது இப்போதும் நம் அடுப்படி வரை கேட்கிறது.

உன் கடைசித் தேர்வு எப்போது என்று அம்மா கேட்கச் சொன்னாள். காரணம் இருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டரின் மகன் கோர்தோபாவில் படிப்பை முடித்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிறான். கடைசி வாய்மொழித் தேர்வில் தேறி வெளியே வருபவனை வாசலிலேயே பிடித்து, தலையில் முட்டை உடைத்து, மாவைக் கொட்டி, முடியைக்கூடக் கத்தரித்துவிட்டுப் பாடுவார்களாம். அம்மா ரொட்டிக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எல்லாப் பிள்ளைக்கும் செய்வாங்களா?"

"வாசல்ல ஆள் இருந்தாச் செய்வாங்க, இசோலினாம்மா. ஆள் இல்லாதவன் சட்டை கசங்காம வீட்டுக்குப் போயிடுவான்."

அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் புள்ளிக்கோழியைத் தனியாகப் பிடித்துக் கட்டிவிட்டு, "இது எர்மி கோழி. இது போடுறதுல யாரும் கை வைக்கக் கூடாது" என்று என் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாள். அப்பா போனபிறகு ரயில்வே கொடுத்த இலவசப் பயணப் பாஸ், பெட்டியில் சும்மாதான் கிடக்கிறது. தேதி தெரிந்தால் அம்மா ஏறிவிடுவாள். சீக்கிரம் எழுது.

உன் அக்கா,
தொமிட்டிலா


புவெனோஸ் அயர்ஸ்,
11 அக்டோபர் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

தேர்வுத் தேதியை இன்னும் பலகையில் ஒட்டவில்லை. பார்மசி கல்லூரியில் எப்போதும் இழுத்தடிப்பார்கள். டிசம்பரும் ஆகலாம், மார்ச்சும் ஆகலாம். அதை நம்பி அம்மா அலைய வேண்டாம். தேர்வு நாளில் என்னாலும் அவளைக் கவனிக்க முடியாது.

எனக்கு வேறொரு யோசனை. ஜனவரியில் கல்லூரி மூடியிருக்கும். அப்போது அம்மா வரட்டும். சில நாள் நகரத்தைப் பார்க்கலாம். பிறகு கொன்ஸ்தித்துசியோன் நிலையத்தில் ரயில் ஏறினால் சாயங்காலத்துக்குள் மார் தெல் பிளாத்தா. அங்கே ரயில்வே சங்கத்துக்கு விடுதி இருக்கிறது, அப்பாவின் பெயரில் அம்மாவுக்கு இடம் கொடுப்பார்கள். அம்மா கடலைப் பார்த்ததே இல்லையே.

போன கோடையில் என் தோழி சில்வினா வீட்டார் என்னை அங்கே அழைத்துப் போனார்கள். மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது குழந்தை கூட்டத்தில் தொலைந்துவிட்டால், யாராவது ஒருவர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கைதட்ட ஆரம்பிப்பார். பக்கத்திலிருப்பவர்களும் தட்டுவார்கள். அப்படியே கரை முழுக்கப் பரவிவிடும். தாய் ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொள்ளும் வரை நிறுத்த மாட்டார்கள். யாரும் திட்டுவதில்லை, கூச்சல் போடுவதில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

எர்மிந்தா


லா பண்டா,
2 நவம்பர் 1987

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் நலம். முழங்காலைப் பற்றிக் கேட்டதற்கு அம்மா, "கால் வலிச்சா கையால வேலை செய்யுறேன்னு எழுது" என்கிறாள்.

கடிதத்தைச் சாயங்காலம் மாத்தே தேநீர் குடிக்கும் நேரத்தில் எல்லோருக்கும் வாசித்தேன். கைதட்டுகிற இடத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள். கடைசியில், "கடல் எங்கயும் போயிடாது. அவ பரீட்சை ஒரு நாள்தானே?" என்றாள். நான்தான் உன் பக்கம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தேன்.

பாஸை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். அதில் தலைநகரம் வரைதான் எழுதியிருக்கிறது. கடல் வரை சேர்த்து எழுதி முத்திரை போட வேண்டும். குமாஸ்தா அம்மாவை ஏற இறங்கப் பார்த்தான்.

"உங்களுக்கு எதுக்கம்மா கடலு?"

"உப்புப் போட்டது யாருன்னு கேட்டுட்டு வரத்தான். முத்திரையக் குத்துடா."

குத்திக் கொடுத்தான்.

முட்டைகளையும் கொண்டுவருகிறாள். "மார்ச்சுல திரும்ப வர முடியுமோ என்னவோ. கைல இருக்கட்டும்" என்கிறாள். பிஸ்கட் டின்னில் மாவை நிரப்பி, அதற்குள் முட்டைகளைப் புதைத்து எடுத்து வருவதாகத் திட்டம். மாவும் ஆச்சு, முட்டையும் உடையாது என்று அவளுக்கு ஒரே பெருமை.

உன் அக்கா,
தொமிட்டிலா


புவெனோஸ் அயர்ஸ்,
29 நவம்பர் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் நலமே என நம்புகிறேன். அதிகம் எழுத நேரமில்லை, படிப்பு.

முட்டை வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். தேர்வில் தேறுவதற்கு முன்னால் உடைத்தால் அது கெட்ட சகுனம் என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். தேர்வு மார்ச்சில்தான் இருக்கும் போலத் தெரிகிறது.

எர்மிந்தா


லா பண்டா,
24 டிசம்பர் 1987

அன்புத் தங்கைக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நீ எழுதி நாளாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

இங்கே அம்மா நலம். வெயில் மட்டும் ஆளைக் கொல்கிறது. சென்ற வாரம் புதன்கிழமை தண்டவாளம் வெயிலில் நெளிந்து வடக்கு ரயில் நம் ஊரிலேயே நின்றுவிட்டது. அம்மா மதியம் முழுக்க நடைமேடையில் நடந்து ஒரு கூடை தீர்ந்து இன்னொரு கூடையும் விற்றாள். இரவு காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, "என்னை மாதிரி ஆளு ரயில்வேக்குத் தேவை, வெயில்ல நெளிய மாட்டேன்" என்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

முட்டையைப் பற்றி நீ எழுதியதைச் சொன்னேன். "சரி, அவ பாஸ் பண்ற வரைக்கும் உடைக்கல. சத்தியம். ஆனா கொண்டு போவேன்" என்கிறாள்.

ரயில் கார்டு எல்விரோவிடம் உனக்கு ரொட்டி கொடுத்து அனுப்பினோம். வந்து சேர்ந்ததா?

உன் அக்கா,
தொமிட்டிலா


புவெனோஸ் அயர்ஸ்,
6 ஜனவரி 1988

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நான் நலம். ரொட்டி வந்தது, மிகவும் நன்றாக இருந்தது. எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள்.

வெயிலுக்காக என் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டுவிட்டேன். அம்மா பார்த்துத் திகைக்க வேண்டாம், முன்னாலேயே சொல்லி வை.

இங்கே ரெதிரோ நிலையத்தில் வண்டி நின்றதும் அம்மா இறங்கி அதே இடத்தில் நிற்கட்டும். நானே தேடி வருகிறேன். சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டாம் என்று சொல். இங்கே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

எர்மிந்தா


லா பண்டா,
14 பிப்ரவரி 1988

அன்புத் தங்கைக்கு,

அம்மா நலமாக வந்து சேர்ந்தாள். மூக்கு நுனி மட்டும் தோலுரிந்து உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறது. நீ கொடுத்தனுப்பிய அல்ஃபாஹோர் இனிப்புப் பெட்டி முதல் நாளே காலி. கடற்கரையில் கல் கடல்சிங்கச் சிலையின் பக்கத்தில் நின்று நீங்கள் எடுத்த படத்தை வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் காட்டுகிறாள். "ரெண்டுல எது சிங்கம்னு கேக்காதீங்க" என்று அவளே முந்திக்கொள்கிறாள்.

கடல் எப்படி இருந்தது என்று கேட்டால், "அவ்வளவு தண்ணி கிடக்கு, ஒரு ஆடு குடிக்க முடியாது. என்ன பிரயோஜனம்?" என்கிறாள். ஆனால் சாயங்காலமானால் அதைப் பற்றியேதான் பேச்சு.

எர்மி, எனக்கு இரண்டு விஷயம் புரியவில்லை.

முதலாவது, முட்டை. "கரையில வச்சு உடைச்சேன், மாவையும் கொட்டினேன். கடற்கரை மொத்தமும் எம்பொண்ணுக்குக் கை தட்டுச்சு" என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்கிறாள். கைதட்டல் என்றதும் நீ எழுதியிருந்தது என் நினைவுக்கு வந்தது. ஊரார் முன்னால் அம்மாவைத் திருத்த மனமில்லாமல் சும்மா இருந்துவிட்டேன். ஆனால் நீ தேறும்வரை உடைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனவள் அவள். சத்தியத்தை மீறுகிற ஆள் இல்லை.

இரண்டாவது, அவள் எல்லோரிடமும் தனக்கு டிசம்பரில் உடம்பு சரியில்லாமல் போனதாகச் சொல்கிறாள். காய்ச்சலாம், எழுந்திருக்கவே முடியவில்லையாம். எல்விரோவிடமும் சொன்னாள். அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். டிசம்பர் முழுக்க அவளிடம் ரொட்டி வாங்கித் தின்றவன் அவன். நான் தனியாகக் கேட்டதற்கு, "யாராவது கேட்டா நீயும் அப்படியே சொல்லு" என்பதோடு முடித்துக்கொண்டாள்.

என்ன நடந்தது?

உன் அக்கா,
தொமிட்டிலா


லா பண்டா,
13 மார்ச் 1988

எர்மிக்கு,

நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன், பதில் வராது.

ஆறாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனாலும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். குட்டையான முடி. எழுதாமல் இருந்த டிசம்பர். உடைந்த முட்டை. ஒன்றே ஒன்று சொல். உன் தேர்வு மார்ச்சில்தானா?

தொமிட்டிலா


புவெனோஸ் அயர்ஸ்,
27 மார்ச் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

இதை அம்மாவுக்கு வாசிக்காதே.

டிசம்பர் பதினாறு. நீ எழுதியிருந்தாயே, வடக்கு ரயில் நின்றுபோன புதன்கிழமை என்று, அதே நாள். உன் அந்தக் கடிதத்தைப் படித்தபோது என் தலையில் இன்னும் மாவு வாசனை போகாதது போலிருந்தது. அம்மா நடைமேடையில் நடந்துகொண்டிருந்த அதே மதியத்தில் நான் தேறினேன். சில்வினாவும் அவள் அம்மா பெயாத்ரிஸும் வாசலில் நின்றார்கள். முட்டை உடைத்தார்கள், முடியைக் கத்தரித்தார்கள். பெயாத்ரிஸ் அம்மாள், "உன் வீட்லேர்ந்து யாரும் வரலையாம்மா?" என்று கேட்டார். "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல" என்றேன். நினைத்துச் சொன்னதில்லை, வாயில் அதுதான் வந்தது.

தேதி நவம்பரிலேயே எனக்குத் தெரியும். ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். அம்மா கல்லூரி வாசலில் நின்றால் ரொட்டி விற்கிற குரலில் என் பெயரைக் கூப்பிடுவாள் என்று பயந்தேன். அவ்வளவுதான் அக்கா. எத்தனை தடவை யோசித்தாலும் இதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை. கடலைக் காட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அம்மா இங்கே இருந்த நாட்கள் முழுக்க நான் நன்றாகத்தான் நடித்தேன். மார் தெல் பிளாத்தாவில் சில்வினா வீட்டார் வழக்கமாக வாடகைக்குக் கூடாரம் எடுக்கும் பக்கம் போகாமல், சங்க விடுதிக்கு எதிரே இருந்த கரைக்குத்தான் அழைத்துப் போனேன். இரண்டாம் நாள் நான் ஐஸ்கிரீம் வாங்கப் போனேன். கொஞ்சம் நேரமாகிவிட்டது. அம்மா எழுந்து நின்று, "எர்மீ..." என்று கூப்பிட்டாள். நம் நடைமேடைக் குரலில். கரையோரமாக நடந்து வந்துகொண்டிருந்த சில்வினா திரும்பிப் பார்த்தாள்.

எங்களைத் தங்கள் கூடாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மாவுக்குச் சாய்வு நாற்காலி போட்டார்கள். மாத்தே கொடுத்தார்கள். பெயாத்ரிஸ் அம்மாள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இப்ப எப்படிங்க இருக்கு? டிசம்பர்ல உங்களுக்கு ரொம்ப முடியாமப் போச்சாமே. பாஸ் பண்ணிட்டு வாசல்ல நின்ன உங்க பொண்ண நீங்க பாத்திருக்கணும். அப்படியே கேக் மாதிரி இருந்தா."

அம்மா என்னைப் பார்த்தாள். முகத்தை இல்லை, முடியைத்தான் பார்த்தாள்.

"ஆமாங்க. காய்ச்சல். எந்திரிக்கவே முடியல. இப்பத் தேவல" என்றாள். மாத்தேயைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள், "மொத முட்டை யாருங்க உடைச்சது?"

"நாந்தாங்க."

"நீங்க நல்லா இருக்கணும். வாசல்ல ஆள் இருந்துச்சே, அது போதும்."

சாயங்காலம் வரை அங்கேயே இருந்தோம். அம்மா அவர்களைச் சிரிக்க வைத்தாள். குமாஸ்தா கதையைச் சொன்னாள். எல்லோருக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று. நான் எதற்குப் பயந்தேனோ அது எதுவுமே நடக்கவில்லை. அறைக்கு வந்தபிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருக்கலாம். செருப்பில் மணல் ஒட்டியிருக்கிறது, தட்டிவிட்டுப் படு என்றாள்.

மறுநாள் காலை பிஸ்கட் டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். தண்ணீர் காலைத் தொடுகிற இடத்தில் என்னை நிறுத்தி, "குனி" என்றாள். ஒவ்வொன்றாக உடைத்தாள். ஒன்று கெட்டுப்போயிருந்தது, அதைக் கடலில் எறிந்தாள். பிறகு மாவு. காற்றில் பாதி அவள் மேலேயே கொட்டியது. அக்கா, அந்த நேரத்திலும் நான் என்ன செய்தேன் தெரியுமா? யார் பார்க்கிறார்கள் என்று சுற்றும் முற்றும் பார்த்தேன்.

அப்போதுதான் கைதட்டல் கேட்டது. கொஞ்சம் தள்ளி ஒருவர் ஒரு குழந்தையைத் தோளில் வைத்திருந்தார். சிவப்புத் தொப்பி போட்ட பையன், அழுதுகொண்டிருந்தான். தட்டல் பரவி எங்கள் பக்கமும் வந்தது. அம்மா மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, நான்கு பக்கமும் தலை வணங்கினாள். "நன்றிங்க, நன்றிங்க" என்றாள்.

நான் உண்மையைச் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷமாவது அவளுக்கு இருக்கட்டும் என்று விட்டதாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். யாராவது அவளைப் பார்த்துச் சிரித்துவிடுவதற்குள் அங்கிருந்து போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பட்டம் கொடுக்கும் விழா ஆகஸ்டில். வீட்டிலிருந்து வருபவர்களுக்கு இடம் உண்டு. கேட்பதற்கு எனக்கு வாயில்லை. நீ கேட்டுப் பார்க்கிறாயா?

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவின் உடம்பையும்.

எர்மிந்தா


லா பண்டா,
17 ஏப்ரல் 1988

எர்மிக்கு,

உடனே பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ அதைக் கிழித்துப் போட்டிருப்பாய். இப்போதும் கோபம் போகவில்லை. உன் புத்தகப் பணத்துக்காக அந்தக் குரல் எத்தனை வருடம் கூவியது என்று நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அம்மாவுக்கு வாசிக்காதே என்று எழுதியிருந்தாய். ஆனால் தபால்காரன் உறையை அவள் கையில்தான் கொடுத்தான். மாவு பிசைந்துகொண்டே, "வாசி" என்றாள். "உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டிருக்கா" என்றேன்.

"இவ்வளவு பக்கமாவா கேட்டிருக்கா?"

நான் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன். அவள் வற்புறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஆகஸ்ட் விழாவைப் பற்றி மட்டும் சொன்னேன். முகம் மாறவில்லை. ஆனால் மாவை ஒரு குத்துக் கூடுதலாகக் குத்தினாள்.

"வரேன்னு எழுது. இந்தத் தடவ கடல் வேணாம், ரெதிரோ வரைக்கும் போதும். ஆனா ஒண்ணு, நான் கூப்பிடுவேன். திரும்பிப் பாக்கச் சொல்லு."

கைதட்டல் விஷயம் என் நெஞ்சிலேயே உறுத்திக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க அவள் அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறாளே, யாராவது விஷயம் தெரிந்தவன் கேட்டுச் சிரித்துவிட்டால் என்ன செய்வது? எனக்கும் உன் புத்திதான் போலிருக்கிறது. மெதுவாகச் சொன்னேன்.

"அம்மா, அந்தக் கடற்கரையில ஜனங்க எதுக்குக் கை தட்டுவாங்கன்னா..."

"தெரியும். நீதானே வாசிச்ச. ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னேனே."

"தெரிஞ்சுமா எல்லார்கிட்டயும் அப்படிச் சொல்ற?"

அவள் மாவை உருட்டித் தட்டின் மேல் வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"தொலைஞ்ச பிள்ளைய தாய்க்காரி வந்து வாங்கிக்கிற வரைக்கும் தட்டுவாங்கன்னு எழுதியிருந்தா. ஒண்ணு அந்தாளு தோள்ல இருந்துச்சு. ஒண்ணு என் எதிர்ல குனிஞ்சு நின்னுச்சு. அதான் நன்றி சொல்லிட்டு வாங்கிக்கிட்டேன். இதுல என்ன தப்பு?"

புள்ளிக்கோழி மறுபடி முட்டையிட ஆரம்பித்திருக்கிறது. பிள்ளைகள் யாரும் அதில் கை வைப்பதில்லை.

நாங்கள் எல்லோரும் நலம். அம்மாவும் நலம். டிசம்பரிலும் நலமாகத்தான் இருந்தாள்.

உன் அக்கா,
தொமிட்டிலா